ஏற்காட்டை அளக்க வருகிறார்கள்... அளப்பவர்களை யார் அளப்பது?

மே மாத ஞாயிறு. காலை பதினொரு மணிக்கு ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவில் நின்று பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்த கார்கள், ஏரிப் பக்கம் திரும்ப வழியில்லாமல் உறுமிக்கொண்டு நிற்கும். வேன் ஜன்னலில் தலையை நீட்டி ஒரு குழந்தை வாந்தி எடுக்கும். வேகவைத்த சோளத்தின் ஆவி, மிளகாய் பஜ்ஜி எண்ணெய், கிளட்ச் தேய்ந்த நாற்றம், எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். ஹாரன் அடிக்காதே என்று கத்துகிறவரும் ஹாரன் அடித்துக்கொண்டுதான் கத்துவார்.

இந்த நெரிசலில் ஒரு பேருந்தும் சிக்கியிருக்கும். அது சுற்றுலாப் பேருந்து இல்லை. உள் கிராமங்களுக்குப் போகும் வண்டி. அதில் இருப்பவர்கள் செம்மநத்தம் போன்ற ஊர்களுக்குத் திரும்புகிறவர்கள். மடியில் ரேஷன் அரிசிப் பை, கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு, காலடியில் உரச் சாக்கு. ஏரியில் படகு விடுகிறார்களா என்று எட்டிப் பார்க்க அவர்களில் யாருக்கும் தோன்றாது. எப்போது வண்டி நகரும் என்பது ஒன்றுதான் கவலை.

இந்த மலை எத்தனை வண்டியைத் தாங்கும்? சேலத்திலும் ஏற்காட்டிலும் டீக்கடைக்கு டீக்கடை இந்தக் கேள்வி ஓடுகிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற முன் அனுமதி வந்துவிட்டது, இங்கே எப்போது என்று சிலர் ஆவலோடும் விடுதிக்காரர்கள் கலக்கத்தோடும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதிலைச் சொல்லப்போவது யார், எதை எண்ணி, எதை எண்ணாமல் விட்டுச் சொல்வார்கள் என்பதை மட்டும் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. நிபுணர்களையே களமாக எடுத்துக்கொண்டு, அவர்களோடு மாதக்கணக்கில் பழகி, அவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று எழுதும் மானுடவியல் ஆய்வு ஒன்று உலகம் முழுக்க வளர்ந்திருக்கிறது. அதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏற்காட்டைப் பார்த்தால் சில சங்கடமான விஷயங்கள் தெரிகின்றன.

ஊட்டியில் பிறந்த எண்

2024 ஏப்ரல் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்றது. மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கோடைக் காலத்தில் நீலகிரிக்குள் ஒரு நாளைக்கு 20 ஆயிரம் வண்டிகள் வரை நுழைகின்றன என்ற அதிகாரிகளின் கணக்கு நீதிபதிகளை அதிர வைத்திருந்தது. மலையின் தாங்குதிறனை ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் போனது.

ஆய்வு முடியும்வரை சும்மா இருக்க முடியாது என்று 2025 மார்ச்சில் நீதிமன்றம் ஓர் இடைக்கால வரம்பு வைத்தது. உடனே ஊட்டி வியாபாரிகள் கொதித்தார்கள். ஏப்ரல் 2 அன்று நீலகிரி முழுக்கக் கடைகள் அடைக்கப்பட்டன. கூட்டத்தால் மூச்சு முட்டுகிறது என்று புலம்பிய அதே ஊர், கூட்டம் குறைந்தால் பிழைப்பு போய்விடும் என்றும் தெருவில் இறங்கியது. இரண்டுமே உண்மை.

> பெட்டிச் செய்தி: வரம்பும் விலக்கும்
> 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீதிமன்றம் விதித்த உச்சவரம்பு:
> நீலகிரி: வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000.
> கொடைக்கானல்: வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000.
> உள்ளூர் வண்டிகள், அரசுப் பேருந்துகள், விளைபொருள் ஏற்றும் வண்டிகளுக்கு விலக்கு.

பெட்டியில் உள்ள எண்களை இன்னொரு முறை பாருங்கள். வார நாளில் ஆறாயிரம் தாங்கும் நீலகிரி, சனிக்கிழமை வந்ததும் எட்டாயிரம் தாங்குகிறது. கொடைக்கானலும் அப்படியே, நான்காயிரம் ஆறாயிரமாகிறது. மண்ணுக்கும் ஓடைக்கும் கிழமை தெரியாது. விடுதிக்காரருக்குத் தெரியும், சுற்றுலாத் துறைக்குத் தெரியும். அறிவியலும் பிழைப்பும் நிர்வாக வசதியும் பேரம் பேசி ஓர் இடத்தில் கைகுலுக்கியிருக்கின்றன. இதைத் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. எல்லா வரம்பும் இப்படித்தான் பிறக்கும். ஆனால் பேரத்தில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை மலையில் இருப்பவர்களுக்கு உண்டு.

நிபுணர்களும் ஒரு குலம்தான்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு மானுடவியல் புதிதல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுகோலை எடுத்துக்கொண்டு தென்னிந்தியா முழுக்க மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தவர். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய பெருநூலில் மலையாளிகளுக்கும் இடம் உண்டு. கேரளத்தாரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் தமிழ் பேசும் பழங்குடிகள் இவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் இவர்களே அதிகம், மூன்றரை லட்சத்துக்கும் மேல்.

அளப்பவர் ஒரு பக்கம், அளக்கப்படுபவர் மறுபக்கம். இந்த ஏற்பாட்டை 1972இல் அமெரிக்க மானுடவியலாளர் லாரா நேடர் ஒரு கட்டுரையில் போட்டு உடைத்தார். ஏழைகளையும் பழங்குடிகளையுமே எத்தனை நாள் ஆராய்வீர்கள், அதிகாரம் உள்ளவர்களின் அலுவலகத்துக்குள்ளும் போய்ப் பாருங்களேன் என்பது அவர் கேள்வி. அதற்குப் பிறகு ஆய்வாளர்கள் குடிசையை விட்டுக் கருத்தரங்க அறைக்குள் நுழைந்தார்கள். உலக வங்கி ஆலோசகர், நகரத் திட்ட வல்லுநர், பசுமைக் கட்டடக் கலைஞர், குடிநீர் வாரியப் பொறியாளர் எல்லோரும் ஆய்வுக்குரிய குலங்களானார்கள். அவர்களுக்கும் சடங்குகள் உண்டு. பவர்பாயிண்ட், களப்பயணம், இடைக்கால அறிக்கை, இறுதி அறிக்கை.

சென்னையிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தோடு தொடர்புடைய கேரன் கோயெல்ஹோ, தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக மெட்ரோ வாட்டர் பொறியாளர்களிடம் போனார். சீர்திருத்தம் என்ற பெயரில் வாரியம் மாறிக்கொண்டிருந்த காலம். டெப்போ அலுவலகங்களில் உட்கார்ந்து அவர் கவனித்தது இது: குடத்தோடு கூட்டமாக வந்து நியாயம் கேட்கும் குடிசைப் பகுதி மக்கள், பொறியாளர் கண்ணுக்கு ஒழுங்கில்லாத தொல்லையாகத் தெரிந்தார்கள். தனியாக மனுக் கொடுத்து, பில் கட்டி, ரசீது வாங்கிப்போகும் ‘வாடிக்கையாளர்’ உகந்தவராகத் தெரிந்தார். பைப்பில் தண்ணீர் விடுவது பொறியியல்தான். யார் கேட்டால் அது கோரிக்கை, யார் கேட்டால் அது ரகளை என்று பிரிப்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

மும்பையில் ஆன் ராடமாக்கர் சுற்றுச்சூழல் கட்டடக் கலை கற்கும் மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் பழகி எழுதிய நூல் 2018இல் வந்தது. அவர் யாரையும் வில்லனாக்கவில்லை. அந்த இளைஞர்களுக்குக் காற்றோட்டமும் மழைநீரும் மண்ணும் நன்றாகவே தெரியும். முடிவெடுக்கும் இடத்தில் நிலத்தின் விலையும் பில்டரும் உட்கார்ந்திருப்பதால், கற்ற வித்தையைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் காலம் வரும் என்று காத்திருக்கிறார்கள். மலையில் காட்டேஜுக்கு வரைபடம் போடும் நம் ஊர் இளம் பொறியாளர்களைக் கேட்டால் இதே பெருமூச்சு வரும்.

அபுதாபிக்குப் பக்கத்தில் 2006இல் அறிவிக்கப்பட்ட மஸ்தார் நகரத்தின் கதை வேறு மாதிரி. ஐம்பதாயிரம் பேர் வாழப்போகும் கரியற்ற நகரம், பத்தே ஆண்டில் முடியும் என்றார்கள். ஓட்டுநர் இல்லாத குட்டிக் கார்கள் நகரம் முழுக்க ஓடும் என்றார்கள். கார்கள் சில நிறுத்தங்களோடு நின்றன. கெடு 2030க்குத் தள்ளிப்போனது. அங்கே களப்பணி செய்த கோக்சே குனெல், வாழும் விதத்தைத் தொடாமல் கருவியை மட்டும் மாற்றிப் பார்க்கும் புத்திக்கு அதை உதாரணமாகக் காட்டுகிறார். நமக்கு அபுதாபி தூரம். இ-பாஸும் ஒரு கருவிதான்.

கிடைப்பதைத்தான் கேட்பார்கள்

இந்த ஆய்வு மரபில் எனக்கு மிகவும் பிடித்தவர் டேவிட் மோஸ். தமிழ்நாட்டுக் கண்மாய்களைப் பற்றி 2003இல் பெரிய நூல் எழுதியவர். அதற்கு முன்பே, மேற்கிந்தியாவில் பில் பழங்குடிகளுக்காகப் பிரிட்டிஷ் நிதியில் நடந்த மானாவாரி விவசாயத் திட்டத்தில் ஆலோசகராக ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார். உள்ளே இருந்துகொண்டே அந்தத் திட்டத்தைப் பற்றியும் எழுதினார்.

மக்கள் பங்கேற்பு அந்தத் திட்டத்தின் தாரக மந்திரம். ஊர் கூடும், மண்ணில் வரைபடம் போடுவார்கள், தேவைகளைப் பட்டியலிடுவார்கள். மோஸ் கண்டது: இந்த அதிகாரிகளால் எதைக் கொடுக்க முடியும் என்று ஊர்க்காரர்கள் சீக்கிரமே கண்டுகொள்கிறார்கள், அதையே தங்கள் ‘தேவை’யாகச் சொல்கிறார்கள். திட்டக்காரர்களும் மக்களே கேட்டார்கள் என்று எழுதிக்கொள்கிறார்கள். இரு தரப்புக்கும் மகிழ்ச்சி. 2005இல் இது நூலாக வரவிருந்தபோது, கூட வேலை செய்தவர்கள் பதிப்பகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் புகார் அனுப்பினார்கள். பில் மக்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபித்தது நிபுணர் குலம்.

மலைக் கிராமத்தில் ஒரு கிராம சபைக் கூட்டத்தைக் கற்பனை செய்யுங்கள். தாலுகாவிலிருந்து அதிகாரி வந்திருக்கிறார். என்ன வேண்டும் என்று கேட்டால் ரோடு, லைட், குழாய் என்பார்கள். அது பொய்யில்லை, மூன்றுமே வேண்டும்தான். ஆனால் மேலே எஸ்டேட் விலைக்குப் போய் ரிசார்ட் ஆனபின் கீழே ஊற்று வற்றியது பற்றியோ, காப்பிக்குள் இறங்கும் காட்டெருமை பற்றியோ, பேச்சு வராது. ரோடு கேட்டால் மனுவுக்கு நம்பர் விழும் என்பது அவர்கள் அனுபவம்.

இந்தோனேசியாவின் சுலவேசி மலைக் கிராமங்களை வைத்து டானியா முர்ரே லி 2007இல் எழுதியதும் இதற்கு நெருங்கியது. நிலம் யாருக்கு என்ற தகராறு நிபுணர் மேசைக்கு வந்ததும், விதை, பயிற்சி, விழிப்புணர்வு என்று தொழில்நுட்பப் பிரச்சினையாக உருமாறிவிடுகிறது. தகராறு மட்டும் அறிக்கைக்கு வெளியே அப்படியே கிடக்கிறது.

> பெட்டிச் செய்தி: ஒரே மலை, பல கண்கள்
> சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் 1820களில் பார்த்தது காப்பிக்கு ஏற்ற மலை. இன்றைய எஸ்டேட்களின் தொடக்கம் அவரிடம்தான்.
> நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பார்த்தது பழங்காலப் பாறையும் புதிய கற்காலக் கற்கோடரிகளும். அந்தக் கற்களை மலை மக்கள் ஏற்கெனவே பொறுக்கிச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 1912இல் இறந்த அவருடைய அஸ்தி ஏற்காடு தேவாலயத்தில் இருக்கிறது.
> மேட்டூர் மால்கோ ஆலை பார்த்தது பாக்சைட். அலுமினியத்துக்காக இந்த மலையும் கொல்லிமலையும் வெட்டப்பட்டன.
> இந்தியத் தாவரவியல் ஆய்வகம் பார்த்தது ஆர்க்கிட்.
> மலையாளிகள் பார்ப்பது, குகைக்குள் இருக்கும் சேர்வராயனையும் காவேரி அம்மனையும். மே மாதத் திருவிழாவுக்கு மலையெங்கும் இருந்து வருவார்கள்.

ஏற்காடு நகரமாகிறது, அப்புறம்?

இப்போது விளைவுகளுக்கு வருவோம். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு புதிய நகராட்சிகள், பேரூராட்சிகள் பட்டியலை வெளியிட்டது. பேரூராட்சியாக்கப்படும் ஊர்களில் ஏற்காடும் ஒன்று. ஊட்டியும் கொடைக்கானலும் வெள்ளைக்காரன் காலத்திலேயே நகராட்சிகள். ஏற்காடு மட்டும் இத்தனை கூட்டத்தையும் ஊராட்சிச் சட்டத்தை வைத்துக்கொண்டு சமாளித்தது. குப்பை வண்டி போதாது, கழிவுநீருக்கு வழியில்லை, பணியாளர் இல்லை. அந்த வகையில் பேரூராட்சி என்பது நியாயமான கோரிக்கைதான். ஏரிக்கரைக் கடைக்காரர் இதை வரவேற்பார்.

ஆனால் ஊராட்சி பேரூராட்சி ஆகும்போது இரண்டு விஷயங்கள் போய்விடும். ஒன்று, நூறு நாள் வேலை என்று எல்லோரும் சொல்லும் ஊரக வேலைத் திட்டம். தமிழ்நாட்டில் எந்த ஊராட்சியைத் தரம் உயர்த்தினாலும் பெண்கள் சாலையில் உட்காருவது இதனால்தான். காப்பிப் பழப் பறிப்பும் மிளகும் இல்லாத மாதங்களில் மலைக் குடும்பத்துக்கு அந்தக் கூலிதான் அடுப்பெரிக்கிறது. இரண்டு, கிராம சபை. பேரூராட்சியில் வார்டு அளவில் கூட்டம் உண்டு, ஆனால் ஊரே உட்கார்ந்து தீர்மானம் போடும் கிராம சபையின் எடை அதற்கு வராது.

இதில் பழங்குடி ஊர்களுக்குக் கூடுதல் நட்டம் உண்டு. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் பழங்குடி வட்டாரங்களென்று அறிவிக்கப்பட்ட அட்டவணைப் பகுதிகளில் கிராம சபைக்குப் பெசா சட்டம் தனி அதிகாரம் தருகிறது. தமிழ்நாட்டில் அட்டவணைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடம் ஒன்றுகூடக் கிடையாது. சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது, மாநிலத்திலேயே பழங்குடியினர் அதிகம் உள்ள மாவட்டம் சேலம், இருந்தும் ஏற்காட்டு ஊர்களுக்குப் பெசா இல்லை. 2006 வன உரிமைச் சட்டம் மட்டும் உண்டு. அதுவும் இந்த மாநிலத்தில் வழக்கில் சிக்கிப் பல ஆண்டு முடங்கிக் கிடந்தது. அந்தச் சட்டத்துக்கும் அச்சாணி கிராம சபைதான்.

ஆகவே கோடு எங்கே விழுகிறது என்பது பெரிய விஷயம். எந்த ஊர் நகர எல்லைக்குள், எந்த ஊர் வெளியே? கோட்டைப் போடுகிறவர் மக்கள்தொகையையும் வருவாயையும் தூரத்தையும் பார்ப்பார். அது அவர் வேலை. செம்மநத்தத்துக்காரருக்கு அதே கோடு வேலையையும் வரியையும் வீடு கட்டும் அனுமதியையும் பேசும் இடத்தையும் மாற்றும்.

வீட்டுக்கும் ரிசார்ட்டுக்கும் ஒரே கோப்பு

கட்டட விஷயத்தில் மலைக்கென்று தனிக் காவல் இல்லாமல் இல்லை. ஹாகா எனப்படும் மலையிடப் பாதுகாப்பு ஏற்பாடு 1990 முதல் இருக்கிறது. பட்டியலில் உள்ள மலைக் கிராமங்களில் மனை பிரிக்கவும் கட்டடம் கட்டவும் வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை என்று பல மேசைகளின் தடையின்மைச் சான்று வேண்டும். நோக்கம் அருமை. சரிவில் ஜேசிபி விட்டு மண்ணை வழித்தால் என்ன ஆகும் என்பதை 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதை சரிந்து போக்குவரத்து நின்றபோது எல்லோரும் பார்த்தோம். வெட்டிய இடமெல்லாம் முதலில் சரியும் என்று மலையில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இத்தனை மேசைகளைத் தாண்டக்கூடியவர் யார்? சேலத்திலோ சென்னையிலோ ஆடிட்டரும் பொறியாளரும் வைத்திருப்பவர். ஓட்டு வீட்டை மாற்றி மகனுக்கு இரண்டு அறை கட்ட நினைக்கும் சிறு விவசாயிக்கு முதல் மேசையிலேயே மூச்சு வாங்கும். பாதுகாப்பு விதி கண்டிப்பாகும்தோறும் காசுள்ளவர் காகிதத்தோடு கட்டுகிறார், இல்லாதவர் காகிதமில்லாமல் கட்டி, அப்புறம் ஆக்கிரமிப்பாளர் ஆகிறார். சென்னையில் கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் இந்தக் கதையின் பெரிய பதிப்பு நடந்தது. நீர்நிலையைக் காப்பதற்காக என்று குடிசைகள் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் தூக்கப்பட்டன, கரையில் நின்ற பெரிய கட்டடங்கள் நின்றபடி நின்றன. இப்படிப்பட்ட அகற்றல்களைப் பற்றி 2010இலேயே கேரன் கோயெல்ஹோவும் நித்யா ராமனும் எழுதினார்கள்.

தண்ணீர்க் கணக்கு இன்னும் சிக்கல். சேலம் நகரின் நடுவே சாக்கடையாக ஓடும் திருமணிமுத்தாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. சரபங்காவும் வாணியாறும் இங்கிருந்தே இறங்குகின்றன. 2016இல் ஸ்மார்ட் சிட்டியாகத் தேர்வான சேலம் கீழே வளர்ந்துகொண்டே இருக்கிறது. வார இறுதியில் அந்த நகரமே மேலே ஏறி வருகிறது. ஆக நகரத்துக்கு ஒரு நிபுணர் குழு, மலைக்கு இன்னொரு குழு என்று பிரித்தால் ஆற்றைப் பாதியில் வெட்டி அளந்த மாதிரிதான்.

எது எளிதில் எண்ணப்படுகிறதோ அதுதான் கணக்கில் ஏறும் என்பதை இந்த ஆய்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். வண்டியை எண்ணுவது எளிது, அடிவாரத்தில் ஒரு கேமரா போதும். விடுதி அறைகளை எண்ணலாம், பதிவேடு இருக்கிறது. தனியார் கிணற்றிலிருந்து இரவில் விடுதிக்கு ஏறும் டேங்கர் தண்ணீரை எண்ண ஆள் இல்லை. அந்தக் கிணற்றுக்குக் கீழே இருக்கும் வயலில் சாமை காய்ந்ததை எண்ணும் பதிவேடும் இல்லை. அதை அறிந்தவர்கள் அந்தக் கிராமத்தில் இருக்கிறார்கள், குழுவில் இல்லை.

ஏற்காட்டுக்காரர் என்று எப்படிக் காட்டுவது?

இ-பாஸ் வந்தால் உள்ளூர்க்காரருக்கு விலக்கு உண்டே, பிறகென்ன என்று கேட்கலாம். நீலகிரியில் அது ஓரளவு எளிது. அந்த மாவட்டத்துக்கென்று டி.என். 43 என்ற பதிவெண் இருக்கிறது, எண்ணைப் பார்த்ததும் விடலாம். ஏற்காடு சேலம் மாவட்டத்தின் ஒரு வட்டம். செம்மநத்தத்து இளைஞரின் பைக்கும், ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலத்தோடு மலையேறும் சேலத்துக் குடும்பத்தின் காரும் ஒரே சேலம் எண்ணோடுதான் வரும். அதுவும் சொந்தமாகப் புதிய வண்டி வாங்கியவருக்கு. திருப்பூரிலோ கோவையிலோ வேலை செய்து அங்கேயே பழைய வண்டி வாங்கியவரின் எண் அந்த ஊர் எண்ணாக இருக்கும். பொங்கலுக்குச் சொந்த ஊருக்கு ஏறும்போது கேமராவுக்கு அவர் சுற்றுலாப் பயணி.

மிளகு ஏற்ற வரும் வியாபாரியின் வேனுக்கு விளைபொருள் விலக்கு உண்டு என்று வைத்துக்கொள்வோம். காலி வேனாக ஏறும்போது அது விளைபொருள் வண்டியா? கீழிருந்து கல்யாணத்துக்கு வரும் உறவுக்காரர் பயணியா, உள்ளூரா? பேறுகாலத்துக்குச் சேலம் போய்த் திரும்பும் வாடகைக் காரை யார் பெயரில் பதிவது? ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படிப்பட்ட கேள்விகளைச் சோதனைச்சாவடிக் காவலர்தான் நின்ற இடத்தில் தீர்க்க வேண்டியிருக்கும். ஏற்காட்டில் ஆய்வுக் குழு அமையும் நாளில், தாங்குதிறன் எண்ணைப் போடும் முன்பே இவற்றுக்குப் பதில் எழுதலாம். அதற்கு உள் கிராமங்களில் சில நாள் தங்க வேண்டும், சுற்றுலா மாளிகையில் அல்ல. குழுவின் கூட்டக் குறிப்புகளைத் தமிழில் ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும். எந்தக் கணக்கை ஏன் விட்டார்கள் என்றும் அதில் இருக்க வேண்டும்.